ஆள் ஏறினாலும் தாங்கும்

சைக்கிளில் வெளிநாட்டுக்குப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி, கடலை எப்படித் தாண்டுவீர்கள் என்பதுதான். விமானத்தில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறங்கி ஓட்டுவேன் என்று விளக்கினேன். அங்கே சைக்கிளே கிடைக்காதா என்றது அடுத்த கேள்வி. கிடைக்கும். ஆனால் என் உயரம் நாலடி பத்தங்குலம். அந்த ஊர் வாடகை சைக்கிளில் நான் ஏறினால் ஒரு கால் பெடலிலும் இன்னொரு கால் ஆகாயத்திலும் இருக்கும் என்று என் தங்கை முன்பே சொல்லிவிட்டாள்.

தங்கை கோமதி நியூசிலாந்தின் தெற்குத் தீவில் இருக்கிறாள். மூத்தவளுக்கு ஆவுடையம்மாள், இளையவளுக்குக் கோமதி என்று, எங்கள் இரண்டு பேருக்கும் சொந்த ஊரான சங்கரன்கோவிலின் ஒரே அம்மனுடைய இரண்டு பெயர்களை வைத்து அப்பா காரியத்தை முடித்துவிட்டார். கோமதிக்கு வலது முழங்காலில் ஜவ்வு தேய்ந்து, தை மாதக் கடைசியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்குப் பிறகு சைக்கிள் ஓட்ட முடியுமா என்று கேட்டால் டாக்டர் ‘பார்க்கலாம்’ என்றாராம். டாக்டர்கள் அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் ஊருக்குப் பக்கத்தில் பழைய ரயில் பாதை ஒன்றில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள். ஐந்து நாள் ஓட்டம். பத்து வருஷமாக ‘ஒரு நாள் போவோம்க்கா’ என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், இந்தத் தடவை போனில் குரலே மாறிச் சொன்னாள்: “தை பொறந்ததும் வந்துரு, யக்கா. இத விட்டா நம்ம ரெண்டு பேருக்கும் இது கெடையாது.” அதனால்தான் ஐம்பத்தொரு வயதில் நான் ஒரு சைக்கிள் கடை வாசலில் போய் நின்றேன்.

பேச்சிமுத்துவின் கடை விசைத்தறி ஓடும் தெருவில் இருக்கிறது. என்னைவிடப் பத்து வயது இளையவன். சைக்கிளில் உலகம் சுற்றுகிற ஆட்களை அவன் பார்த்ததில்லை. ஆனால் நூல் கட்டும் சேலைக் கட்டுமாகப் பின்னால் மலை மாதிரி அடுக்கிக்கொண்டு போகிறவர்களின் வண்டிகள் எல்லாம் அவனிடம்தான் வரும். பாரம் என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எனக்குத்தான் சொல்லித் தர ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து வீடியோ பார்த்தேன். தாடி வைத்த ஒருவர் கனத்தை எல்லாம் முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் தொங்கவிடு என்றார். தாடி இல்லாத ஒருவர் முன்னால் துணிமணி மட்டும்தான் என்றார். மூன்றாவதாக ஒரு பெண், கேரியரே வேண்டாம், எல்லாவற்றையும் சீட்டிலும் ஹேண்டிலிலும் கட்டிவிடு என்றாள். மூன்று பேருமே பாதி உலகம் சுற்றியவர்கள். யாரை நம்புவது? நோட்டில் மூன்று படம் வரைந்து எடுத்துக்கொண்டு போய்ப் பேச்சிமுத்துவிடம் காட்டினேன்.

அவன் மூன்றையும் பார்த்துவிட்டு நோட்டை மூடி என் கையில் கொடுத்தான். “முன்னால பாரம் வச்சா ஹேண்டில் ஒங்க பேச்சக் கேக்காதுக்கா. எல்லாத்தையும் பின்னால வைங்க” என்றான்.

பின்சக்கரத்தின் கம்பிகளைக் கழற்றித் தடித்த கம்பி போட்டான். சக்கரத்தின் கோணலை நிமிர்த்திக் கோட்டம் எடுக்க ஒரு முழுப் பகல். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான், ஒரு கம்பியை அரைத் திருகு திருகுவான், மறுபடி சுற்றுவான். இதற்கென்றே நான் வாங்கியிருந்த கியர் சைக்கிளோடு வந்த அலுமினியக் கேரியரை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டான். பக்கத்துக் கிரில் பட்டறையில் இரும்புக் கம்பியை வளைத்துப் பற்றவைத்து அவனே ஒன்று செய்தான். அதைத் தூக்கிப் பார்த்த எனக்குத் தோள்பட்டை வலித்தது. விமானத்தில் கனம் பார்ப்பார்களே, இதற்கே பாதி போய்விடுமே என்றேன்.

“யக்கா, இதுல ஆள் ஏறி உக்காந்தாலும் தாங்கும்” என்றான், அதுதான் பதில் என்பது மாதிரி.

ஆள் எதற்கு ஏற வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கோபமாகவும் வந்தது. இருந்தாலும் வெள்ளைக்காரரின் தாடியைவிடக் கண்ணெதிரே இருக்கிற ஆளை நம்புவோம் என்று விட்டுவிட்டேன்.

தார்ப்பாய் தைக்கிற கடையில் இரண்டு பைகள் தைத்து வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்து கிலோ அரிசியைக் கட்டி, மேலே கூடாரத்தையும் வைத்துக்கொண்டு ஒரு கார்த்திகைக் காலையில் சோதனை ஓட்டம் கிளம்பினேன். திருவேங்கடம் ஊரில் இருக்கும் அலுவலகத்துக்குத் தினமும் பஸ்ஸில் போகிற வழிதான். பஸ்ஸில் தெரியாத மேடெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தரையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பாதி வழியில் மழை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்க, ஓரம் ஒதுங்கி கரிசலில் இறங்கினேன். அவ்வளவுதான். பத்தடிக்குள் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பி, சக்கரம் நின்றுவிட்டது. இருபது கிலோ அரிசியோடு அதைத் தள்ளவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை. லோடு ஆட்டோவில் வீடு திரும்பினோம், நானும் சைக்கிளும்.

இதைச் சிரித்துக்கொண்டே கோமதியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அந்த நாட்டில் வெளிமண் ஒரு துகள்கூட உள்ளே வரக் கூடாதாம். விதை, பூச்சி, நோய் எது வேண்டுமானாலும் மண்ணோடு வந்துவிடும் என்று பயப்படுவார்களாம். டயர் இடுக்கு, செருப்பு, கூடார ஆணி எல்லாம் பார்ப்பார்கள், அழுக்காக இருந்தால் பிடித்து வைத்துக்கொள்வார்கள், பொய் சொன்னால் அபராதமும் உண்டு. “சைக்கிள அவங்க வச்சுக்கிட்டா நம்ம பயணம் போச்சுக்கா. எனக்கு இந்த ஒரு வாரந்தான் இருக்கு” என்றாள்.

நான் பயந்து போனேன். மூன்று நாள் பேச்சிமுத்துவும் நானும் அந்த சைக்கிளைக் கழுவினோம். மட்கார்டைக் கழற்றி, செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, டயரின் ஒவ்வொரு வெட்டையும் ஊசியால் நோண்டி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். நம்ம மண்ணு என்ன பாவம் செய்தது என்று அவனுக்கு வருத்தம். எனக்கு வருத்தப்பட நேரமில்லை.

பெட்டியில் அடைக்கும் முன்பு கோவிலுக்குக் கொண்டுபோனோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். சந்தனம் குங்குமம் வைத்ததைத் திரும்பி வந்து துடைத்தும் விட்டோம். அம்மன் சன்னதியில் புற்று மண் பொட்டலம் ஒன்று வாங்கித் திருநீற்றோடு கைப்பையில் வைத்துக்கொண்டேன். கோமதியின் முழங்காலில் குழைத்துப் பூசத்தான். சின்ன வயதில் எங்களுக்குச் சொறி, சிரங்கு, காய்ச்சல் எது வந்தாலும் அதைத்தான் பூசுவார்கள், கொஞ்சம் வாயிலும் போடுவார்கள். பேச்சிமுத்து பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, சைக்கிளை அட்டைப்பெட்டிக்குள் படுக்க வைத்தான். கடைசியாகச் சீட்டுக்கு அடியில் குனிந்து எதையோ சரிபார்த்தான். பிறகு டேப்பை ஒட்டினான்.

விமானத்தில் நுழைவுப் படிவம் கொடுத்தார்கள். இருபத்தேழு வருஷமாக மற்றவர்களின் படிவங்களைப் பார்த்து, கட்டம் மாறி டிக் போட்டிருந்தால் திருப்பி அனுப்புகிற வேலை எனக்கு. அதனால் மூன்று தடவை படித்தேன். உணவு: ஆம் (பருப்புப் பொடி, இட்லிப் பொடி, முறுக்கு). சைக்கிள், கூடாரம்: ஆம். மண்: இல்லை. அந்த ‘இல்லை’யை எவ்வளவு பெருமையாகப் போட்டேன் என்று சொல்ல முடியாது.

முதல் நாள், விமான நிலையத்தில் சோதனை மேசை. கையுறை போட்ட ஒரு நெட்டைப் பெண் பெட்டியைத் திறந்து, டயரை விளக்கு வைத்துப் பார்த்தாள். செயினைத் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவு சுத்தமான சைக்கிளை இந்த வருஷம் பார்க்கவில்லை என்று பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்குப் பேச்சிமுத்து அங்கே இல்லையே என்றிருந்தது. பருப்புப் பொடியை மோந்து பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறதே என்றாள். பிறகு, கிளம்பச் சொல்வது மாதிரிச் சிரித்துக்கொண்டு, “மண் எதுவும் இல்லை, அப்படித்தானே?” என்று கேட்டாள்.

இல்லை என்று வாய் வரை வந்துவிட்டது. அப்போதுதான் கைப்பை தோளில் கனத்தது.

இத்தனை நாளில் ஒரு தடவைகூட எனக்கு அது மண் என்று தோன்றவில்லை. பிரஷ் வைத்துத் தேய்த்த கையாலேயே அதை வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். அது சன்னதியில் கொடுப்பது. திருநீறு மாதிரி, துளசி மாதிரி. அதை மண் என்று எங்கள் ஊரில் யார் நினைப்பார்கள்? ஆனால் படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறது. சொன்னால் பொய் சொன்னவள் ஆவேன். சொல்லாவிட்டாலும் பொய் சொன்னவள்தான். சைக்கிள் மேசைக்கு அந்தப் பக்கம் பெட்டியில் கிடக்கிறது, கதவுக்கு வெளியே கோமதி நிற்கிறாள்.

“இருக்கு” என்றேன். “கொஞ்சம். கைப்பையில்.”

அவளுக்குப் புரியவில்லை. பொட்டலத்தை எடுத்து வைத்தேன். எங்கிருந்து எடுத்தது, எதற்கு என்று கேட்டாள். கோவில், எறும்புப் புற்று, பாம்பு, அம்மன், தங்கையின் முழங்கால் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். பாம்புக்குக்கூடவா என்றாள். ஆமாம், இது இருந்தால் பாம்பு அண்டாது என்றேன். எங்கள் நாட்டில் பாம்பே கிடையாது என்றாள்.

அவள் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தாள். கைப்பையைச் சோதிக்கும் முன்பே நானாகச் சொன்னதால் அபராதம் இல்லை. படிவத்தை மட்டும் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும். பொட்டலம் அவர்களிடம் இருக்கும். இடுக்கியால் அதை எடுத்து ஒரு பையில் போட்டு ஒட்டினாள். மரியாதையாகத்தான் செய்தாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. முழங்காலுக்கு மருந்து கொண்டு வந்து வாசலிலேயே தொலைத்துவிட்ட மாதிரி இருந்தது.

கோமதி கம்பு ஊன்றிக்கொண்டு நின்றாள். நான் பார்க்காத ஆறு வருஷத்தில் அவள் தலை நரைத்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும், “ஏக்கா, நான் அத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா?” என்று திட்ட ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டு, “எவ்வளவு கொண்டாந்த?” என்று கேட்டாள்.

இரண்டாம் நாள் அவள் வீட்டு கார் நிறுத்துமிடத்தில் சைக்கிளின் பாகங்களை மாட்ட ஆரம்பித்தேன். இடது பெடல் ஏறவே மாட்டேன் என்றது. எண்ணெய் விட்டேன், ஸ்பேனரைப் போட்டு நெம்பினேன். நல்லவேளை, திருகு மரை தேய்ந்து போவதற்குள் சங்கரன்கோவிலில் கடை திறக்கும் நேரம் ஆகிவிட்டது. வீடியோ காலில் பேச்சிமுத்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். வலது பெடலை இடது பக்கம் போட்டுக்கொண்டிருந்தேன். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில் இருக்குமாம். “ரெண்டையும் முன்னால பாத்துத் திருக்குனா இறுகும், பின்னால பாத்துத் திருக்குனா கழறும். இதத்தான ஒங்களுக்கு எழுதிக் குடுத்தேன்?” என்றான். எழுதிக் கொடுத்த தாள் பெட்டிக்குள்தான் இருந்தது. அதைப் பிரித்தெறிந்த அட்டையோடு போட்டுவிட்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பாதையில் இறங்கினோம். கோமதியின் பேச்சைக் கேட்டு, அவளிடமிருந்த இரண்டு சிறு பைகளை முன்னால் மாட்டியிருந்தேன். ஒரு மணி நேரத்தில் காற்று பிடித்துக்கொண்டது. ஹேண்டில் நான் சொல்வதைத் தவிர எல்லாவற்றையும் செய்தது. ஒரு பாலத்தடியில் நிறுத்தி எல்லாவற்றையும் பின்னால் மாற்றிக் கட்டினேன். அதற்குப் பிறகு நேராகப் போயிற்று. வீடியோக்காரர்கள் யாரும் எதிர்க்காற்றே அடிக்கும் இந்த ஊரில் ஓட்டவில்லை போலும், அல்லது நான்தான் எதையோ தப்பாகக் கட்டியிருந்தேன்.

எங்கள் பக்கம் கரிசலில் எங்கே திரும்பினாலும் ஒரு மனிதர் நிற்பார், கேட்காமலே வழி சொல்வார். இங்கே நாள் முழுக்கப் பொன் நிறப் புல்லும் ஆடுகளும்தான். ஆடு மேய்க்க ஆள் இல்லை. அவை பாட்டுக்கு மேய்கின்றன. சாயங்காலம் ஒரு பழைய ரயில்நிலைய விடுதியில் தங்கினோம். இறைச்சி அடைத்த ஒரு ரொட்டியைக் கோமதி சாப்பிட, நான் வெறும் பன்னுக்கு இட்லிப் பொடி தொட்டுக்கொண்டேன். விடுதிக்காரம்மா அதில் கொஞ்சம் கேட்டு வாங்கி முட்டைமேல் தூவிச் சாப்பிட்டாள். டீயில் பாலைத் தனியாகக் கொடுத்து நம்மையே ஊற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். கடைசி வரை எனக்கு அந்த நிறம் வரவில்லை.

நான்காம் நாள் மதியம் கோமதி இறங்கிவிட்டாள். முழங்கால் வீங்கிக் கால்சட்டையே இறுகியிருந்தது. அடுத்த ஊர் பதினோரு கிலோமீட்டர். போனில் சிக்னல் இல்லை. எதிரில் யாரும் வரவில்லை. ஒரு பழைய சரக்குக் கொட்டகை மட்டும் நின்றது. அதன் நிழலில் உட்கார்ந்து, அழாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு, “நீ போயிட்டு ஆள் கூட்டிட்டு வாக்கா. நமக்கு இவ்வளவுதான்” என்றாள்.

அவளை அங்கே தனியாக விடுவதா? விடாமல் என்ன செய்வது? சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பேச்சிமுத்துவின் இரும்புக் கேரியரில் கை பட்டது.

பைகளை எல்லாம் அவிழ்த்தேன். அவள் சைக்கிளோடு சேர்த்துக் கொட்டகையில் பூட்டினேன். படுக்கைப் பையை மடித்துக் கேரியரில் கட்டினேன். “ஏட்டி, ஏறு” என்றேன்.

“ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு.”

“ஆள் ஏறுனாலும் தாங்கும்னு சொல்லித்தான் செஞ்சு குடுத்திருக்கான். ஏறு.”

ஒரு பக்கமாக உட்கார்ந்து, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, சீட்டின் அடியில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டாள். முதல் இருபதடி பாம்பு மாதிரி வளைந்தோம். அப்புறம் கியரைக் குறைத்ததும் சக்கரம் பிடித்துக்கொண்டது. கேரியர் ஒரு சத்தம் போடவில்லை. எதிரே வந்த ஒரு வயதான தம்பதி நின்றுவிட்டார்கள். இது இரண்டு பேருக்கான சைக்கிளா என்று அந்தப் பெரியவர் கேட்க, எங்கள் ஊரில் எல்லாச் சைக்கிளும் இரண்டு பேருக்குத்தான் என்று கோமதி ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் குரலில் சிரிப்பு வந்திருந்தது. எனக்கு மூச்சு வாங்கியது, ஆனால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவள் கூப்பிட்டாள். “யக்கா, சீட்டுக்கு அடியில என்னமோ காஞ்சு ஒட்டிருக்கு.”

“என்னது?”

“மண்ணு மாதிரி இருக்கு. பொட்டு வச்ச மாதிரி.”

திரும்பிப் பார்த்தால் சைக்கிள் சாயும். நான் பார்க்கவில்லை. மூன்று நாள் பிரஷ் போட்டுத் தேய்த்தவன், பெட்டியை மூடும் முன்பு சீட்டுக்கு அடியில் குனிந்தது எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த ஒரு கை கொஞ்ச நேரம் விட்டிருந்தது மட்டும் கனம் மாறியதில் தெரிந்தது. ஊர் வந்து இறங்கியபோது அவள் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டியிருந்தாள். வீக்கத்தின்மேல் விரல் அகலத்துக்கு ஒரு செம்மண் கோடு இருந்தது.

அன்று சாயங்காலம் பேச்சிமுத்துவுக்குப் போன் செய்து, ஒரு துகள்கூடக் கூடாது என்று அத்தனை தடவை சொன்ன பிறகும் மண் வைத்தாயா என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. “மண்ணா? நான் எங்கக்கா மண்ணு வச்சேன்? அம்மன் பொட்டுல்லா வச்சேன்” என்றான். அவனைத் திட்ட எனக்கு வாயில்லை. நானும் அதே மண்ணைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதானே ‘மண்: இல்லை’ என்று கையெழுத்துப் போட்டேன்? விமான நிலையத்து நெட்டைப் பெண்ணிடம் போய் இதையும் சொல்ல வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இன்னமும் தெரியவில்லை.

கொட்டகையிலிருந்த சாமான்களை ஒரு வேனில் எடுத்துவந்தோம். மீதி மூன்று நாள் ஓட்டம் நடக்கவில்லை. புறப்படும் நாளன்று நான் பெடலைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தேன். பின்னால் பார்த்துத் திருக்க வேண்டும் என்று வாயில் சொல்லிக்கொண்டே குனிந்தபோது, கோமதி கம்பை ஊன்றி வந்து ஸ்பேனரின்மேல் கை வைத்தாள்.

“இது இங்கன நிக்கட்டும்க்கா. சீட்டுக்கு அடியில இன்னுங் கொஞ்சம் இருக்கு” என்றாள்.

ஊர் வந்து பஸ்ஸிலிருந்து வெறும் பையோடு இறங்கியதைப் பேச்சிமுத்து பார்த்துவிட்டான். வண்டி எங்கே என்று கேட்டான். அங்கே நிற்கிறது என்றேன்.

“அங்கன யாருக்கா ஓட்டுவா?”

ஆபரேஷனுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. டாக்டர் இன்னும் ‘பார்க்கலாம்’ என்பதைத் தாண்டி எதுவும் சொல்லவில்லை.

“கோமதி ஓட்டுவா” என்றேன்.